பல் டாக்டர்

என் தங்கைக்கு எங்கள் பந்தயக் கார்ப் பட்டறையில் 'பல் டாக்டர்' என்று பெயர். வாயில் இருக்கும் பல்லுக்கு அல்ல, கியர்ப் பெட்டியில் இருக்கும் பல்லுக்கு. எந்தப் பந்தயத் தடத்துக்கு எத்தனை பல் வைத்த சக்கரங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. சொன்னபடி மாட்டுவது என் வேலை. முன்பெல்லாம் சொல்வதும் நான்தான், மாட்டுவதும் நான்தான்.

அவளை அங்கே சேர்த்துவிட்டவனும் நான்தான். துணி தைக்கும் கம்பெனியில் ஏழு வருடம் அளவு சரிபார்த்தவள், கம்பெனி மூடியதும் வீட்டில் இருந்தாள். "சுத்து நேரம் எழுத ஒரு ஆள் வேணுமாம், வர்றியா?" என்று கேட்டேன். வந்தாள். தடத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஆறு மாதம் நேரம் மட்டும் எழுதினாள். பிறகு காருக்குள் இருந்து ஓட்டத்தைப் பதியும் பதிவுப் பெட்டியைக் குடைய ஆரம்பித்தாள். எந்த வளைவில் எந்த கியர், எஞ்சின் எத்தனை ஆயிரம் சுற்று என்று பக்கம் பக்கமாகக் கோடு வரைந்தாள். அவள் படித்தது பன்னிரண்டு. நான் எட்டோடு நின்றவன்.

அதுவரை ஓட்டுநர் காரைவிட்டு இறங்கியதும் நேரே என்னிடம் வருவார். "அண்ணே, மூணுல மூச்சு வாங்குது" என்பார். அதன் பிறகு என்னைத் தாண்டிப் போய், "டாக்டரே, கொஞ்சம் பாருங்க" என்று அவளிடம் நிற்க ஆரம்பித்தார். தங்கையை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். பொய் இல்லை. வயிறு எரிந்ததை மட்டும் சொல்லவில்லை.

சீசனின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, அவள் முதலாளியிடம் சொன்னாள்: "அந்த நீள வளைவுல டிரைவர் பாதியிலேயே நாலாவது கியருக்கு மாத்துறார். மாத்தும்போது வண்டி ஆடுது, ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துடுறார். மூணாவதுக்குப் பல்ல மாத்தி இன்னும் கூடுதல் வேகம் வரைக்கும் நீட்டிட்டா, வளைவு முடியற வரைக்கும் மாத்தவே வேண்டாம்."

"நீட்டினா ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்ப சுத்து இறங்கி எஞ்சின் படுத்துக்கும்" என்றேன்.

"ஏழாயிரம் சுத்துல மாத்தினா படுக்கும்ணே. ஏழாயிரத்து எண்ணூறு வரைக்கும் இழுத்து மாத்தினா படுக்காது."

முதலாளி இருவரையும் பார்த்தார். "சரி, போட்டுப் பாப்போம். நேரம் குறைஞ்சா அடுத்த சீசன்ல கியர் முழுக்க உன் பொறுப்பும்மா. குறையலன்னா பழையபடி ஸ்டாப்வாட்ச்தான்."

அவள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். மேலே: 'மூன்றாவது, 20க்கு 26.' கீழே: 'கோடு 7800.'

கோடு என்பது எஞ்சின் சுற்றுமானியின் கண்ணாடியில் நான் போட்டிருக்கும் சிவப்புக் கோடு. என் மனைவியின் நகப்பூச்சால் ஏழாயிரத்தின் மேல் போட்டது. முள் அதைத் தொட்டதும் ஓட்டுநர் கை தானாக கியர் மாற்றும், யோசிக்க மாட்டார். ஒன்பது வருடமாக அது அங்கேதான் இருந்தது.

பத்தொன்பது பல்லுக்கு இருபத்தேழு பல்லாக இருந்த பழைய சக்கர ஜோடியைக் கழற்றினேன். புதியதைத் துடைத்து, பற்களை எண்ணி, மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை முறுக்கிப் பார்த்தேன். சீட்டின் இரண்டாவது வரியையும் படித்தேன். நகப்பூச்சுப் புட்டி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமல் கியர்ப் பெட்டியை மூடிவிட்டேன்.

பயிற்சி ஓட்டத்தில் கார் ஐந்து சுற்று போய் வந்தது. நேரம் முக்கால் விநாடி கூடியிருந்தது.

"என்ன டாக்டரே, ரெண்டாவதத் தாண்டினா வண்டி தூங்குது" என்றார் ஓட்டுநர்.

"பழைய பல்லையே மாட்டுங்க" என்றார் முதலாளி.

என் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. மறைக்கவில்லை, குளிர்ந்தது.

அவள் பதிவுத் தாளை விரித்து விரலால் ஓட்டினாள். எஞ்சின் சுற்று ஏறிய எல்லா மேடும் ஏழாயிரத்தில் நின்றிருந்தது. எழுந்து போய் காருக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, கோடு மாறல."

"மறந்துட்டேன்."

எஞ்சின் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "இவரா? போல்ட்டுக்குப் போல்ட் பேர் வெச்சுக் கூப்பிடுற ஆளு! இவரு மறந்துட்டாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, "பூட்டின கதவ மூணு தரம் இழுத்துப் பாக்குற ஆளு நீ. பொறாமையாண்ணே?" என்றாள்.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல? முதலாளி காதிலும் விழுந்தது.

பயிற்சி முடிய இருபது நிமிடம் இருந்தது. பழைய கோட்டைச் சுரண்டி எடுத்து, ஏழாயிரத்து எண்ணூறில் புதிதாகப் போட்டு, காயும் வரை ஊதினேன். கார் போனது. நீள வளைவில் சத்தம் உடையாமல் ஒரே இழுப்பாக ஏறியது. அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் பழைய நேரத்தைவிடக் கால் விநாடி குறைவு.

"வேலை உனக்குத்தான்மா" என்றார் முதலாளி. "உங்கண்ணன என்ன பண்றது?"

"பெட்டிய அவர்தான் மாட்டணும். அவர் மாட்டினது எதுவும் இதுவரைக்கும் நடுத்தடத்துல நின்னதில்ல." கையை நீட்டினாள். "ஆனா கோடு இனிமே நான் போடுறேன். குடுண்ணே."

புட்டியைக் கொடுத்தேன்.

ஓட்டுநர் அவளிடம் நான்காவது கியரைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அதில் எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. யாரும் கேட்கவில்லை.