தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றேன்

அந்தத் தண்ணீர் கெட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, நல்ல தண்ணீர் என்று ஒரு பெண்ணிடம் சொன்னேன். என் சொல்லை நம்பி அவள் மறுநாளும் அதில் இறங்கினாள். இப்போது அவளுடைய வலது கையில் நான்கு விரல்கள்தான் இருக்கின்றன.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் நீங்கள் படிக்காமல் விட்டாலும் குறையில்லை...

மணலியில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நான் வேதியியலாளர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என் பொறுப்பு. ஆலையிலிருந்து வரும் கழிவுநீரில் முதலில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறிப்போம். பிறகு அது பெரிய தொட்டிக்கு வரும். அடியிலிருந்து ஓயாமல் காற்று குமிழியிடும் அந்தத் தொட்டியில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. கழிவைத் தின்று தீர்ப்பவை அவைதாம். எங்கள் இயந்திரங்கள் எல்லாம் அவற்றுக்குப் பணிவிடை செய்பவை, அவ்வளவே. தொட்டி நலமாக இருந்தால் தண்ணீர் பழுப்பாக இருக்கும். ஈர மண் போல மணக்கும். காலையில் அந்த மணத்தை முகர்ந்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடங்குவேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை நான் போனபோது தொட்டி முழுக்க வெள்ளை நுரை. குமட்டும் நாற்றம். விடுமுறை நாளில் யாரோ ஒரு பெரிய கலனைக் கழுவி, அந்தக் கரைசலை மொத்தமாக எங்கள் பக்கம் திறந்துவிட்டிருந்தார்கள். நுண்ணுயிர்கள் அத்தனையும் செத்துப்போயிருந்தன.

வேறொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து கலந்து, மெல்லத்தான் தொட்டியைத் தேற்ற முடியும். மூன்று வாரமாவது ஆகும். அதுவரை உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சரக்கு ஏற்றக் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார். பிறகு, "வேற ஏதாவது வழி இருக்காம்மா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். கட்டளையிடவில்லை. மிரட்டவும் இல்லை. வழியைச் சொன்னவள் நான்!

தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு சென்சார் உண்டு. அது நீரின் தன்மையை அளந்து, நேராக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணினிக்கு அனுப்பும். அதைக் கழற்றி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடலாம் என்றேன். வெறும் குழாய்த் தண்ணீர் என்றால் அளவுகள் மிகச் சுத்தமாகக் காட்டும், சந்தேகம் வரும். எனவே அதில் கொஞ்சம் கழிவுநீரைக் கலக்க வேண்டும். தினமும் கூட்டியும் குறைத்தும் கலக்க வேண்டும். அப்போதுதான் எண்கள் ஏறி இறங்கி உண்மை போலத் தோன்றும்... நான் படித்த வேதியியல் இதற்குத்தான் உதவியது.

நிலையத்தை இயக்குபவர் அந்தோணி அண்ணன், இராயபுரத்துக்காரர். அதிர்ந்து பேசாதவர். அன்று மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வேணாம்மா. அந்தாண்ட ஜனங்க தண்ணியில எறங்கிக்கினு கீறாங்க."

மூன்று வாரம்தானே அண்ணே என்றேன். அவர் வாளியைத் தொட மறுத்துவிட்டார். நானே நிரப்பினேன்.

எங்கள் கழிவுநீர் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் சேர்கிறது. அங்கே இடுப்பளவு நீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. பறி என்னும் ஓலைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அகப்பட்ட இறாலை அதில் போட்டுக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தி ராணியக்கா. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பல வருடங்களாக இறால் கொண்டுவருபவள். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

சென்சாரை வாளியில் போட்ட அன்று வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? இனிமேல் ராணியக்காவிடம் இறால் வாங்காதே என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்றாள். எனக்கு உடம்பில் அரிப்பு வருகிறது என்றேன்.

இனி என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேறு எதுவும் வேண்டியதில்லை...

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். ராணியக்காவும் இன்னும் நான்கு பெண்களும் ஆலை வாசலுக்கு வந்தார்கள். அவர்களுடைய கைகளில் தோல் வெடித்து உரிந்திருந்தது. கால்வாயில் விடுவது என்ன தண்ணீர் என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அளவுகளைக் காட்டி அனுப்பிவிடு என்றார் மேலாளர். அச்சடித்த தாள்களோடு வாசலுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் ராணியக்காவின் முகம் தெளிந்தது. மற்றவர்களிடம், இது நம்ம தெருப் பொண்ணு, பொய் சொல்லாது என்றாள். தாளை வாங்கவில்லை.

"எனுக்கு இன்னா தெரியும் பாப்பா இதெல்லாம்? நீ சொல்லு. தண்ணி நல்லாத்தான கீது?"

அவள் கையை நீட்டிக்கொண்டே கேட்டாள். விரலிடுக்குகளில் சிவப்புச் சதை தெரிந்தது. அப்போது ஒரு சொல் போதும். 'இறங்காதீங்க' என்ற ஒரே சொல். வேலை போயிருக்கும், போகட்டுமே! அந்த நொடியில் அதைக்கூட நான் நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குக்கா," என்றேன்.

அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த வாரம் அவளுடைய நடுவிரலில் சீழ் பிடித்தது. பெரியாஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். எந்தத் தண்ணீரில் வேலை என்று மருத்துவர் கேட்டாராம். கம்பெனிப் பொண்ணே நல்ல தண்ணின்னு சொல்லிச்சு என்றாளாம். அவளுக்குச் சர்க்கரையும் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் என்று முடிவாயிற்று. அந்தக் கொஞ்சம் சர்க்கரைக்குப் பின்னால்தான் நான் இன்றுவரை ஒளிந்திருக்கிறேன்.

தொட்டி தேறிவிட்டது. சென்சாரை அதன் இடத்தில் பொருத்திவிட்டோம். இப்போது அது அனுப்புவதெல்லாம் உண்மையான அளவுகள். அந்தோணி அண்ணன் வேலையை விட்டுப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

போன மாதம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ராணியக்காவின் வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவளே பேசினாள். யார் மீதும் தப்பில்லை, தன் ரத்தம்தான் கெட்டுப்போய்விட்டது என்றாள். அந்த நால்வரும் இன்னமும் கம்பெனியைத் திட்டுகிறார்களாம். இவள்தான் எனக்காக அவர்களோடு சண்டை போடுகிறாளாம்.

பிறகு, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வயது இருக்கும். தன் கையால் இனி சேற்றைத் தடவ முடியாது, மகளைத்தான் இறக்கப்போவதாகச் சொன்னாள்.

"நீ வந்ததும் நல்லதாப் போச்சு. நீ சொன்னா எறக்குறேன். தண்ணி நல்லாத்தான கீது, பாப்பா?"

எங்கள் குழாயிலிருந்து வருவது இப்போது நல்ல தண்ணீர்தான். மற்ற குழாய்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால்...

அந்தப் பெண் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தலையசைத்தேன்.

மறுநாள் காலையிலேயே அந்தப் பெண் பறியைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று தெருவில் கேள்விப்பட்டு அம்மா சொன்னாள்.