கல்லின் மேல் நின்ற துரை

பதுளைக்கு ரயில் பாதை போட்டபோது பாலம் கட்ட வந்த இஞ்சினியர் துரையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நெட்டை உருவம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. எதையும் கையால் காட்ட மாட்டார். கல்லானாலும் ஆளானாலும் பூட்ஸ் முனையால்தான் காட்டுவார். அவர் பேச்சைத் தமிழில் சொல்வது என் வேலை.

பாலத்தின் முதல் கல்லுக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, கொத்தனார் சூடம் கொளுத்தினார். துரை அளவு பார்க்க அதன் மேலேயே ஏறி நின்றார். சூடம் பூட்ஸுக்கடியில் அணைந்தது.

கொத்தனார் குரலை உயர்த்தவில்லை. "சாமி கும்பிட்ட கல்லுங்க. தொரை அவுங்க கோயில் பீடத்து மேல இப்படி ஏறி நிப்பாரான்னு கேளுங்க."

அப்படியே கேட்டேன். துரையின் முகம் சுண்டிப்போயிற்று. தம் கோயிலுக்குள் நுழையும்போது செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி, தலை குனிந்தார். பூட்ஸ் மட்டும் கல் மேலேயே இருந்தது.

கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு நடந்தார். ஆட்களும் அவர் பின்னால் போய்விட்டார்கள்.

"மரியாதை செய்தேனே, இன்னும் என்னதான் வேண்டும் இவர்களுக்கு?" என்று துரை என்னிடம் கத்தினார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வெறுந்தலையை நனையவிட்டு, அந்தக் கல்லின் மேல் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டார்.