கழுத்தில் வைத்த கரண்ட்

அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்த செய்தி கிடைத்தபோது நான் புத்தளத்தில் ஓர் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓரிடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. அண்ணனோ, இடம்பெயர்ந்து ஓடியதைத் தவிர, முரசுமோட்டை வயலை விட்டு எங்கும் போனவரில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் இல்லை. ஒரு மிடறு தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும் என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டிருந்தார்கள். அண்ணி அதற்குள் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

விழுங்கப் பழக்குவதற்கு ஓர் இளம்பெண் வந்தார். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். அண்ணனின் தொண்டையில் விரலை வைத்து எச்சிலை விழுங்கச் சொன்னார். அண்ணன் முகத்தைச் சுளித்து இரண்டு தரம் முயன்றார். தொண்டை கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. கழுத்தில் வில்லைகளை ஒட்டி மெல்லிய கரண்ட் கொடுக்கலாம், அது தசையை அசைக்கும் நேரத்தில் அவரும் விழுங்கப் பார்த்தால் சிலருக்குத் திரும்பி வரும் என்றார் மிஸ். ‘சிலருக்கு’ என்பதை இரண்டு தரம் சொன்னார். அண்ணிக்கு ஒரு தரமும் கேட்கவில்லை.

ஆனால் வில்லை ஒட்டவில்லை. தாடி நெஞ்சு வரைக்கும் இருந்தது.

“கழுத்துப் பக்கம் மட்டும் வழிச்சு விடுங்கோ. நாளைக்குத் தொடங்குவம்” என்றார் மிஸ்.

அண்ணி தாடியின் நுனியைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். போர் முடிந்த நாளில் வட்டுவாகலில் கூட்டத்துக்குள் பிரிந்துபோன மகன் வந்து நிற்கும்வரை முகத்தில் கத்தி படாது என்று அண்ணன் அம்மன் கோயிலில் நேர்ந்திருந்தார். அந்தத் தாடி தொடக்கத்தில் கறுப்பாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. “எங்கட பள்ளியில கூட இப்பிடி ஒரு தாடி இல்ல. வழிக்கிறதெண்டா எனக்குத் தாங்கோ, நான் ஒட்டிக்கொள்றன்” என்றார். அண்ணி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்தினார்.

“நீங்கள் சொல்லுங்கோ அண்ணி” என்றேன்.

“நான் வழிக்கச் சொன்னா, பிள்ளை இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. அவரைக் கேளும் தம்பி.”

கேட்டேன். அண்ணன் இடது கையை எடுத்துத் தாடிக்கு மேல் வைத்தார். அதற்கு எப்படியும் பொருள் எடுக்கலாம். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு எதிலும் காத்திருக்கத் தெரியாது.

அடுத்த நாள் காலை அண்ணி தண்ணீர் எடுக்கப் போன நேரம், அண்ணன் கண்ணயர்ந்திருந்தார். பரந்தனில் ஒரு சலூனில் ஆறு மாதம் நின்ற கை என்னுடையது. கழுத்தை வழித்து முடித்தேன். மேலே மிச்சம் நின்ற தாடி அலங்கோலமாகத் தெரிந்தது. சலூன்காரனுக்கு அப்படி விட்டுவிட மனம் வராது. கன்னத்தையும் வழித்தேன். பாதியில் அவர் விழித்தார். இடது கை மெல்ல வந்து வழித்த கன்னத்தைத் தடவியது. என்னைத் தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி திரும்பி வந்து பார்த்தார்.

“கழுத்து மட்டும் எண்டெல்லோ கதைச்சது?”

“பாக்க வடிவில்லாமல் இருந்தது அண்ணி.”

“ஆருக்கு வடிவு?”

நான் விரித்திருந்த பேப்பரில் விழுந்த மயிரை ஒன்றும் விடாமல் சேர்த்து மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

வில்லைகள் நன்றாக ஒட்டின. மிஸ் கரண்ட் பெட்டியின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். தொண்டை துடித்தது.

“இப்ப விழுங்குங்கோ ஐயா. எச்சிலை விழுங்குங்கோ.”

அண்ணன் விழுங்கவில்லை. முதல் நாள் சுளித்த முகம் இப்போது அசையவே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

“ஏலாமலோ மிஸ், விருப்பமில்லாமலோ?” என்று கேட்டேன்.

“முதல் நாள் முயற்சியாவது செய்தவர். இப்ப அதுவும் இல்லை. பாரிசவாத வருத்தம் கூடினாலும் இப்பிடி வரும், மனம் விட்டாலும் வரும். எது எண்டு என்னால சொல்லேலாது. கரண்ட் தனிய விழுங்காது அண்ணா.”

“கோவம். கோவம் போனா விழுங்குவார்” என்றார் நானா. அன்று மத்தியானம் அவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அண்ணன் காதுக்குக் கிட்டக் குனிந்து, “அண்ணை, தாடி வளரும்” என்றேன். ஏற்கெனவே வெள்ளை முளை தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக ஒரு பார்வை என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அது வெறும் பார்வை.

பத்தாம் நாளும் மிஸ் கரண்ட் கொடுத்தார். தொண்டை தன்பாட்டில் ஏறி இறங்கியது. எச்சில் கடைவாயால் வழிந்தது. அண்ணி துடைத்தார்.

“நாளைக்கும் பாப்பம்” என்று மிஸ் வயரைச் சுற்றினார்.

“ஓம் மிஸ்” என்றார் அண்ணி. பிறகு பாலை அளந்து எடுத்துக் குழாயின் மூடியைத் திறந்தார். ஊற்றும்போது தலை உயர்ந்திருக்க வேண்டும். நான் தலையணையோடு சேர்த்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.