எதிரணிக்கு முதல் நிமிடம்

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நஸ்ருன்னிசா தமிழாசிரியை. புதன்கிழமை கடைசி பீரியடில் பதினொன்றாம் வகுப்புக்கு விவாதம் சொல்லித்தருவதும் அவர்தான். பத்தொன்பது வருடமாக அந்த ஒரு மணி நேரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. விளையாட்டு விழா ஒத்திகைக்குப் பிள்ளைகளைக் கேட்டு வந்த பி.டி. மாஸ்டர் வாசலோடு திரும்பிப் போயிருக்கிறார்.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பேச எழுந்தவர் முதல் ஒரு நிமிடம் எதிரணியின் கட்சியைத்தான் பேச வேண்டும். ஏனோதானோ என்று அல்ல. எதிரணியே "ஆமா, இதைத்தான் சொல்ல வந்தோம்" என்று தலையாட்டுகிற மாதிரி. ஆட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆட்டிய பிறகுதான் சொந்தக் கட்சிக்கு வாய் திறக்கலாம்.

"அவன் பாயிண்ட்ட நான் இன்னாத்துக்கு மிஸ் சொல்லணும்?" என்று முதல் வாரமே ஸ்ரீஹரி சண்டைக்கு வந்தான். தீபாவளிக்குள் அவனே மற்றவர்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டான். வெளிப் போட்டிகளில் கோப்பைகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

இந்த ஜனவரியில் பள்ளிச் செயலர் தனபாலன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். வரும் ஜூனிலிருந்து புதன் கடைசி பீரியட் நீட் பயிற்சிக்கு. தனபாலனுக்குத் தி.நகரில் பாத்திரக்கடை, அதிகம் பேசத் தெரியாத மனிதர். நஸ்ருன்னிசா முறையிட்டதும் பத்து நிமிடம் ஒதுக்கினார். வகுப்பைக் காப்பாற்ற இருந்ததே அந்தப் பத்து நிமிடம்தான். நஸ்ருன்னிசா நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

உட்கார்ந்ததும் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. "முதல்ல உங்க பக்கத்தைச் சொல்லிடறேன் சார்" என்றார்.

வெளியே காசு கட்டிப் படிக்கவைக்க இந்தப் பள்ளியில் எத்தனை வீட்டுக்கு முடியும்? ஆட்டோ ஓட்டுபவரின் மகளுக்கும் மீன் விற்பவரின் மகனுக்கும் நாம் கொடுத்தால்தான் உண்டு. போன வருடம் நாலே மார்க்கில் சீட்டைத் தவறவிட்ட ஜெயஸ்ரீ இப்போது மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். விவாதத்தில் கோப்பை வாங்கியவள்தான் அவளும். கவுன்சிலிங்கில் கோப்பையை யார் கேட்கிறார்கள்?

தனபாலன் அசந்துபோனார். அவரிடம் இருந்ததெல்லாம் 'பேரன்ட்ஸ் கேக்காங்க' என்ற ஒற்றை வரி.

"நான் இவ்வளவுக்கு யோசிக்கவே இல்லையே டீச்சர்! கரெக்டாச் சொல்லிட்டீங்க" என்று பலமாகத் தலையாட்டினார்.

நஸ்ருன்னிசா நிம்மதியாக நான்கு பக்கத்தையும் பிரித்தார். அதற்குள் தனபாலன் எழுந்துவிட்டார்.

"கமிட்டில கேட்டா என்ன சொல்லன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்னதையே சொல்லிருதேன். ரொம்ப சந்தோசம்."

"சார், இனிமேதான் என் பக்கம்..."

கடையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். வகுப்பில் யாரும் அப்படி எழுந்து போனதில்லை, நஸ்ருன்னிசா விட்டதும் இல்லை. வீடு போய்ச் சேரும்வரை அவருக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

அடுத்த புதன்கிழமை நடந்ததை ஒளிக்காமல் வகுப்பில் சொன்னார்.

"செம செல்ஃப் கோல் மிஸ்!" என்றான் ஸ்ரீஹரி. வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

முன்வரிசையில் மெஹக் மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்காக நீங்க சொன்னதெல்லாம் சும்மாவா மிஸ்?"

"இல்லம்மா. ஒண்ணுகூட சும்மா இல்ல."

"அப்போ ஜெயஸ்ரீ அக்காவுக்கு நம்ம பக்கம் பதில் இன்னா மிஸ்? எழுதி வெச்சிருந்தீங்களே, அதுல இருக்கா?"

நஸ்ருன்னிசா பையிலிருந்து தாள்களை எடுத்துப் பார்த்தார். தன்னம்பிக்கை இருந்தது, மேடைக் கூச்சம் போவது இருந்தது, ஜெயஸ்ரீ வாங்கிய கோப்பைகூட இருந்தது. ஜெயஸ்ரீ இல்லை. நாலாவது பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இல்ல" என்றார்.