மாசி வந்தால் ஐம்பது

கனியக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை தொலைபேசியில். மார்கழி மாதம், கல்லூரியில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் காலை சைக்கிள் குழுவை நடத்தும் தீப்பெட்டி ஆலை அண்ணாச்சி பேசினார். "டீச்சர், நம்ம கனி போயிட்டாவ" என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் என் கேள்வியை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. காலையில் கனியக்கா தன் துணிக்கடையைத் திறந்து, வாசலில் உடுப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது முறை மறுநாள் காலையில், பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சுவரில். பசை காயாத கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. சண்முகக்கனி என்று முழுப் பெயர், ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த படம், அதற்குக் கீழே வயது 51. முதல் செய்தியை மறுக்க எனக்கு வழி இல்லை. இரண்டாவதில் ஒரு பிழை இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவில் பழையவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாகலாபுரம் பக்கத்தில் மானாவாரி வெள்ளாமை செய்யும் ஒரு குடும்பத்தில் பிறந்தவர். பத்தாம் வகுப்புவரை படித்தார். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தார். கணவரின் வேலை நிலையில்லாமல் போனபோது, குழந்தைகளுக்கான ரெடிமேட் கடை வைத்தார். புதியம்புத்தூருக்குப் போய் மூட்டை மூட்டையாகச் சரக்கு எடுத்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்.

நான் அவரை முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். தங்கை மகளுக்குக் கவுன் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயது அளவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வளருத பிள்ளைக்கா. ரெண்டு வயசு கூட்டியே குடுங்க."

"தரலாம். இன்னைக்குப் பிள்ளை எதைப் போட?"

"இதைத்தான். மடக்கித் தச்சுக்கிடுதேன்."

"மடக்குன கோடு அடுத்த வருசம் பல்லைக் காட்டும். இன்னைக்கு இருக்கிற பிள்ளைக்கு எடுங்க தாயி. அடுத்த வருசப் பிள்ளைக்கு அடுத்த வருசம் வாங்க."

"நல்லா யாவாரம் பேசுதீங்க."

"யாவாரந்தான். நீங்க மறுபடி வரணும்லா."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சின்ன அளவை எடுத்துப்போனார். விற்பனைத் தந்திரம் என்றுதான் நான் நினைத்தேன். தந்திரமும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு, குழுவில் அவரைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். தன் அக்கா மகன் வேலைக்குச் சென்னை போகும்போது விட்டுவிட்டுப்போன, தடித்த டயர் போட்ட கியர் சைக்கிளில் வந்து நின்றார். அன்றைக்கு அண்ணாச்சியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி பலருக்கு நினைவிருக்கும்.

"இதை ஏன் அண்ணாச்சி மலைச் சைக்கிள்ங்காவ? இங்கன மலையைக் காணோமே."

"குருமலை இருக்கில்லா."

"அது தூரத்துல நிக்கி. நான் ஓட்டுத இடத்துல சொல்லுங்க."

"ஒரு மழை பெய்யட்டும். கரிசலே மலையாத் தெரியும் உங்களுக்கு."

குழுவில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். அதனால் பக்கம் பக்கமாக ஓட்ட வேண்டியதாயிற்று. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

ஒன்றரை ஆண்டுக்கு முன், ஆவணி மாதத்தில், வெளியூர்க் குழு ஒன்று நம் பக்கத்துக் காடுகளில் மலைச் சைக்கிள் பந்தயம் வைப்பதாக அறிவித்தது. பெண்களுக்கு மூன்று பிரிவுகள். பந்தயப் பழக்கம் இல்லாதவர்களுக்குப் 'புதியவர்', ஒரே சுற்று. அடுத்தது 'பெண்கள்' பிரிவு, மூன்று சுற்று. ஐம்பது வயது முடிந்தவர்களுக்குத் தனியாக ஒன்று, இரண்டு சுற்று. ஓடைக்கரை, உழவு காடு, கருவேலம் புதர்களுக்கு நடுவே வண்டித்தடம் என்று ஒவ்வொரு சுற்றும் நீளமானது. பந்தயத்தைவிடப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்களுக்குப் பெரிய பாடாக இருந்தது.

நான் புதியவர் பிரிவு என்று உடனே முடிவு செய்துவிட்டேன். முதல் பந்தயத்தில் முடித்துவிட்டு வருவதுதான் முக்கியம், அடுத்தவர் வேகத்துக்கு ஓடி நடுக்காட்டில் நின்றால் அடுத்த பந்தயம் என்ற ஒன்றே இருக்காது என்று காரணமும் சொன்னேன். இப்போதும் அது சரியான யோசனை என்றே நினைக்கிறேன். கனியக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"தினமும் ஓட்டுதோம். இன்னும் என்ன புதுசு?"

"பந்தயம் புதிதுதானே?"

"கல்யாணங்கூடப் புதுசாத்தான் இருந்துச்சு. அதுக்குன்னு சின்னக் கல்யாணமாவா பண்ணிவச்சாவ?"

அப்படியானால் ஐம்பதுக்கு மேல் பிரிவில் சேருங்கள் என்றேன். அவருடைய ஆதார் அட்டைப்படி அந்த ஜூனில் ஐம்பது முடிந்திருந்தது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"எனக்கு நாப்பத்தெட்டு."

நானும் எல்லாரும் நினைப்பதைத்தான் நினைத்தேன். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்னது இது. அம்மா கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிறவர். சின்னப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அதனால் இவருக்கு மூன்று வயது முடிந்த கையோடு, அக்காவுடன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பிள்ளைக்கு ஐந்து வயது என்று கணக்கு. இவருக்குக் கை எட்டவில்லை. அக்கா பின்னால் நின்று விரலைப் பிடித்து இழுத்துவிட்டிருக்கிறார். தலையைச் சாய்த்து இவரும் தொட்டுவிட்டார். ஆசிரியர் ஐந்து வயதுக்கு ஏற்றபடி ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார்.

"இதற்கு ஆதாரம்?" என்று கேட்டேன். எனக்கு அப்படிக் கேட்டே பழக்கம்.

"ஆதார்தானே டீச்சர் தப்பா இருக்கு? எங்க அம்மாதான் ஆதாரம். மாசி மாசம், பருத்தி எடுப்பு. அவளுக்குத் தெரியாதா எப்பப் பெத்தோம்னு?"

பந்தயத்துக்கு முந்தின நாள் எதிர்பாராமல் மழை பெய்தது. காலையில் பதிவு மேசையில் இருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க ஐம்பதுக்கு மேல் பிரிவு" என்றார்.

"அது வாத்தியார் போட்ட வயசு தம்பி. என்னைப் பெண்கள் பிரிவுல எழுதுங்க."

"அதுல எல்லாம் இருபது, முப்பது வயசுக்காரங்க மேடம். இதுல ரெண்டே பேருதான். நீங்க மெதுவா ஓட்டி முடிச்சாலே கப் உறுதி."

"அந்த உறுதிதான் வேண்டாங்கேன்."

வயது கூடியவர்கள் விரும்பினால் இளையவர்களோடு ஓட்டலாம் என்று விதி இருந்தது. மேசைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

நனைந்த கரிசலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண் டயரில் அப்பி, அப்பிய மண்மேல் மண் ஏறி, கடைசியில் சக்கரமே சுற்றாது. நான் ஒரு சுற்றைப் பாதி ஓட்டியும் பாதி இழுத்தும் முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பெண்கள் பிரிவில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இருவர் பாதியில் விலகினார்கள். ஐம்பதுக்கு மேல் பிரிவில் இரண்டு பேரும் மேடையேறிக் கோப்பை வாங்கினார்கள். "அங்கன நிக்க வேண்டிய மனுசி" என்று அண்ணாச்சி என் பக்கத்தில் முணுமுணுத்தார். பந்தல் துணியை அவிழ்க்கத் தொடங்கிய பிறகு, ஓடைக்கரையில் கனியக்கா தெரிந்தார். சைக்கிள் அவர் தோளில் இருந்தது. முழங்கால்வரை கறுப்பு.

கோட்டைத் தாண்டி வந்ததும் சைக்கிளைக் கீழே போடாமல் மெல்ல இறக்கி வைத்தார்.

"என்ன தாயி, சைக்கிள் உங்களை ஓட்டிட்டு வந்துச்சா?" என்றார் அண்ணாச்சி.

"பிள்ளை கால் வலிக்குன்னு அழுதுச்சு அண்ணாச்சி. தூக்கிட்டு வந்தேன்."

பதிவு மேசைக்காரர் கடைசி இடம் என்று தயங்கிச் சொன்னார். "கடைசியும் வரிசையில உண்டும்லா" என்றார் கனியக்கா. பிறகு, "எனக்கு ஐம்பது ஆகட்டும் தம்பி. அப்ப வாரேன். அந்தக் கப்பைத் தொடச்சு வைங்க" என்றார்.

திரும்பும்போது சைக்கிள்களைச் சிறிய லாரியில் ஏற்றிவிட்டு, நாங்களும் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். ஒரு கோப்பைக்காக இத்தனை பிடிவாதம் தேவையா என்று கேட்டேன். அவர் காலில் காய்ந்த மண்ணை உரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வாத்தியார் எனக்கு ரெண்டு வயசு கூட்டிச் சட்டை எடுத்துட்டாரு டீச்சர். அதைப் போட்டுக்கிட்டேதான் எல்லாம் நடந்துச்சு. பதினெட்டு ஆயிட்டுன்னு கட்டிக்குடுத்தாவ. எனக்கு அப்பப் பதினாறு. சர்டிபிகேட்டைக் காட்டுனா யாரு கேப்பா? இது ஒண்ணாவது எனக்கு அளவா இருக்கட்டும்."

பிறகு வீடு வரும்வரை மண்ணை உரித்துக்கொண்டே வந்தார். அவர் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான்.

சென்ற கார்த்திகையில் அடுத்த பந்தயம் பங்குனியில் என்று அறிவிப்பு வந்தது. நான் அவர் கடையில் இருந்தேன். செல்போனை என் முன்னால் நீட்டினார். 'உங்கள் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்தது.

"மாசி வந்தா ஐம்பது. பங்குனியில பந்தயம். இந்தத் தடவை நானும் ஆதாரும் ஒரே பிரிவு டீச்சர்."

அவ்வளவு சந்தோஷமாக யாரும் ஐம்பது வயதை எதிர்பார்த்து நான் கண்டதில்லை. நீங்களும் புதியவர் பிரிவை விட்டு வெளியே வாருங்கள் என்றார். யோசிக்கிறேன் என்றேன். "யோசிங்க. கரிசல் எங்க போவப் போகுது" என்றார்.

சுவரொட்டியைப் பார்த்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மாவை நாகலாபுரத்திலிருந்து கூட்டிவந்து மகளின் தலைமாட்டில் உட்காரவைத்திருந்தார்கள். எண்பதை நெருங்கியவர். குரல் போயிருந்தது. சுற்றி இருந்தவர்கள் ஓய்ந்த நேரத்தில் அவர் மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"மாசி வந்தா அம்பதுன்னியே தாயி. மாசியைக் காணாமப் போறியே. பருத்தி வெடிக்குமுன்ன போறியே."

ஒப்பாரியை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை நான். ஆனால் அந்த நேரத்தில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வதால் எந்தத் தாய்க்கும் ஆவது ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியிருந்த ஆதாரம் அந்த அறையில் கிடைத்தது. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

வெளியே வந்தபோது தெருமுனையில் அதே சுவரொட்டி. 'பிரிவால் வாடும் குடும்பத்தார்' என்று அடியில் அச்சிட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் இத்தனை நாள் வாதாடிய சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடும்பத்தார்மேல் பிழை இல்லை. அவசரத்தில் கையில் இருந்த ஆதார் அட்டையைத்தான் அச்சகத்தில் கொடுத்திருப்பார்கள்.

பதினாறாம் நாள் கழிந்த பிறகு அண்ணாச்சி என்னிடம் ஒரு யோசனை சொன்னார். "பங்குனிப் பந்தயத்துல கனி பேருல ஒரு கப் குடுப்போம் டீச்சர். ஐம்பதுக்கு மேல் பிரிவுக்கு. அவிய அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தாவ?" குழுவில் பலரும் சரி என்றார்கள். அன்பில் சொன்னதுதான். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தப் பிரிவு வேண்டாம். அவர் அதற்குக் காத்திருந்தார் என்பது உண்மை. அதற்குள் வரவில்லை என்பதும் உண்மை. உயிரோடு இருந்தபோது எந்தக் கோப்பையை இன்னும் வயதாகவில்லை என்று மறுத்தாரோ, அதை அவர் இல்லாதபோது அவர் பெயரில் வைக்கக் கூடாது. இன்னொரு முறை அவருக்குப் பெரிய சட்டையை மாட்டிவிட வேண்டாம். வைப்பதானால், பெண்கள் பிரிவில், மூன்று சுற்றையும் முடித்துக் கடைசியாக வருகிறவருக்கு வையுங்கள்.

அந்தப் பிரிவில் நான் பெயர் கொடுத்திருக்கிறேன். கோப்பைக்காக இல்லை. என் உடம்பையும் அந்தத் தடத்தையும் வைத்துப் பார்த்தால் அது எனக்கே வந்து சேரும் சாத்தியம் இருப்பதால், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவர் கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ நினைவாக ஒரு பொருளையும் நான் எடுத்துவரவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு எண் மட்டும். கோப்பையில் பெயருக்குக் கீழே வயதும் பொறிக்க வேண்டும் என்று முடிவானால், சுவரொட்டியைப் பார்த்துப் பொறிக்காதீர்கள். கனியக்காவுக்கு நாற்பத்தொன்பது.