ஒன்றரை மணி வீடு

புரோக்கருக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும் அவரைக் கண்டால் அப்படித்தான். எட்டு வீடு காட்டினார். எட்டையும் முழங்காலில் தவழ்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றாள். வீட்டிலேயே டே கேர் நடத்துகிறவளுக்கு நின்று பார்த்து என்ன தெரியும்? பிளக் பாயிண்ட் எட்டுமா, கதவிடுக்கில் விரல் நசுங்குமா, படிக்கட்டுக் கம்பிக்குள் தலை மாட்டுமா, எல்லாம் தவழ்ந்தால்தான் தெரியும். முட்டிக்கால் மேடம் என்று அவர் பேர் வைத்திருந்தது அவள் காதுக்கும் வந்திருந்தது.

இப்போதிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான். பிள்ளைகள் போடும் சத்தத்தில் டிவி கேட்கவில்லையாம். பாவி. ஒன்பது நாள்தான் பாக்கி. இடம் கிடைக்காவிட்டால் ஆறு குழந்தைகளும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பதினோரு வருடப் பிழைப்பு அத்தோடு சரி. அந்த ஆறில் ஒன்று புரோக்கரின் மகள் வயிற்றுப் பேத்தி. அதற்காகவாவது நல்ல வீடு காட்டுவார் என்று நம்பியது அவள் புத்தி.

ஒன்பதாவது வீடு தரைத்தளம். முட்டுச்சந்து, வாசலில் கேட், கார் நிறுத்திப் பிள்ளையை இறக்க இடம். பிள்ளைகளுக்குத் தங்கையைக் காவல் வைத்துவிட்டு எப்போதும்போல் மதியம் ஒன்றரைக்கு வந்திருந்தாள். குழந்தைகள் தூங்கும் நேரம் அது. அந்நேரம் அமைதியாக இல்லாத தெரு அவளுக்கு ஆகாது.

"பாருங்க, ஈ காக்கா இல்ல. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"கொஞ்சம் பொறுங்க."

தவழ்ந்தாள். பின்னறை ஜன்னலோரம் உள்ளங்கையில் சுருக்கென்றது. இரும்புத்தூள்.

"பக்கத்துல என்ன?"

"குடோன். ஆளே வரமாட்டாங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பலாமா? ஓனர் காத்திருப்பாரு."

அவர் அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சரியாக இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டிங் மிஷின் அலறியது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. குடோன் இல்லை, இரும்புப் பட்டறை. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது.

"நான் ஒன்றரைக்குத்தான் வருவேன்னு தெரிஞ்சே கூட்டிட்டு வந்தீங்க."

"அனுசரிச்சுப் போகணும்மா. ரெண்டு நாள்ல பழகிடும். குழந்தைங்கதானே, அதுங்களுக்கு என்ன தெரியும்?"

"அதுங்கள்ல உங்க பேத்தியும் இருக்கா."

அவர் கைக்குட்டையைத் தேடினார்.

"உங்க வீட்டுக் கீழ்ப்போர்ஷன் நாலு மாசமா பூட்டிக் கெடக்கே. அத ஏன் காட்டல?"

"அது ஃபேமிலிக்குத்தான் விடுவேன். எனக்குச் சத்தம் ஒத்துக்காது."

எழுந்து, ஜன்னலோரத்து இரும்புத்தூளை வழித்தெடுத்துப் போய் அவர் கையைப் பிடித்து அதில் உதிர்த்தாள்.

"பாப்பாவ இந்த ஜன்னலோரம்தான் படுக்க வச்சிருப்பேன். இத உங்க மகள்கிட்ட நீங்களே காட்டுங்க. இல்லன்னா சாயங்காலம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வருவா, நானே சொல்லிடுறேன்."

உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் வாயைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன.

"கீழ்ப்போர்ஷனப் பாக்க எப்ப வர்றீங்க? ஒன்றரைக்கா?"

"இனிமே நேரம் சொல்ல மாட்டேன்," என்றாள். "கதவத் தொறந்தே வைங்க."