புரட்டாசியில் மீனெண்ணெய் மாத்திரை

என் பக்கத்து வீட்டுப் பார்வதிக்குப் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் வழித்து, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். மண் அரைக்கிற மிஷின் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவளிடம்கூடப் பேச முடியாது. புருஷன் தனபால் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் விமல்ராஜ் மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். அதிலும் பாதி நேரம், அம்மா சத்தம் விட்டு விட்டுக் கேட்குது என்று வைத்துவிடுவான்.

உட்கார்ந்தே வேலை செய்ததில் உடம்பு பெருத்து முட்டி பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் உடம்பு இளைக்க மருந்து விற்கிற இளமதி, மீனெண்ணெய் மாத்திரை கொடுத்தாள். கொழுப்பைக் கரைக்கும், இதயத்துக்கு நல்லது, முட்டிக்கு நல்லது, தலைமுடிக்கும் நல்லது என்றாள். இத்தனை நல்லது செய்கிற ஆள் விருத்தாசலத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. பார்வதி மாதக்கணக்கில் விழுங்கினாள். எடை குறையவில்லை. மீன் ஏப்பம் வந்ததுதான் மிச்சம்.

ஆனால் காலை ஏழு மணிக்குப் போன் வரும். வாங்கியவர்கள் பாதியில் விட்டுவிடக் கூடாதே என்று இளமதி எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பாள். ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், தூக்கம் வந்ததா, முட்டி எப்படி இருக்கிறது, மாத்திரை போட்டாயிற்றா. அது வியாபாரம். பார்வதிக்கும் அது தெரியும். தெரிந்தும், விடிந்ததிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

புரட்டாசி பிறந்தது. பார்வதி வீட்டில் அந்த மாதம் மீன் குழம்புச் சட்டியைக்கூடக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் சோறு. மீனெண்ணெயும் மீன்தானே என்று மாத்திரை டப்பாவைச் சட்டிக்குள் வைத்து மேலே ஏற்றினாள். இளமதியிடமும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப மாசம் முடியட்டும்மா. ஐப்பசில நானே கூப்புடறேன்" என்றாள் இளமதி.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பார்வதி பட்டறைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். போட்டுவிட்டேன் என்று சும்மா சொல்லிவிடேன், அவள் என்ன வாயைத் திறந்தா பார்க்கப்போகிறாள் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னை வெசாரிக்கிறது அந்த ஒரு பொண்ணுதான். அதுகிட்டயும் பொய் சொல்லச் சொல்றியா?"

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டில்தானே நானும் இருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறவில்லை. என்னை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறிச் சட்டியை இறக்கினாள். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு பெருமாள் படத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"கோச்சிக்காத சாமி. கல்யாணமான நாள்லேர்ந்து ஒன்னத் தேடித் தேடி வரேன். ஒரு நாளாவது சாப்புட்டியான்னு கேட்டிருக்கியா?"

பதில் வராது என்று தெரிந்தவள்போலத் திரும்பி, இளமதிக்குப் போன் போட்டாள்.

"மாத்திர போட்டுட்டேம்மா. நாளைக்குக் கூப்புடுவ இல்ல?"